மண்ணக்காவின் பதினோரு நாள்

சிட்டிகை அளவுதான் எடுப்பாள். ஈர மண்ணை உள்ளங்கையில் வைத்து, சுண்டுவிரலால் ஒருமுறை தேய்த்து, முன்பற்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு கண்ணை மூடுவாள். மெல்லமாட்டாள். கீழ்த்தாடையை ஓர் அரிசிமணி அகலத்துக்கு நகர்த்துவாள், அவ்வளவுதான். நறநறத்தால் வண்டல். வெண்ணெய்போல் வழுக்கினால் களி. பிறகு காகிதத்தில் நாசூக்காகத் துப்பிவிட்டு, விருந்தில் 'போதும்' என்று சொன்னவள்போல வாயைத் துடைத்துக்கொள்வாள். நுண்ணோக்கி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் முதலில் பல், பிறகுதான் கண்.

எரிவாயு தேடிப் பூமியைத் துளைக்கும் ரிக்கின் காலடியில் ஒரு தகர அறை. அதில்தான் பதினேழு வருஷமாக அவளுக்கு வேலை. கீழே அரைபடும் கல்லைச் சேறு தூக்கிக்கொண்டு மேலே வரும். அதிரும் சல்லடையில் கொட்டும். மூன்று மீட்டருக்கு ஒரு கை அள்ளி, கழுவி, என்ன கல் என்று எழுத வேண்டும். கிலோமீட்டர் கணக்கான ஆழத்திலிருந்து அது மேலே வந்துசேர ஒன்றரை மணி நேரம் ஆகும். "இப்ப என்னக்கா வருது?" என்று துளைப்பவர்கள் கேட்டால், "காலைல நீ தூங்கி வழிஞ்சப்போ அரைச்சது" என்பாள். அவர்கள் வைத்த பெயர்தான் மண்ணக்கா. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயருக்கு வேலை இருக்கவில்லை.

பதினான்கு நாள் வேலை, பதினான்கு நாள் வீடு. வீட்டில் கீழ்த்தளத்தில் அவளும் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவரும். மாடியில் அண்ணன், அண்ணி. அண்ணன் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். இப்போது எரிசக்தி நிறுவனங்களின் பங்குகள்தான் அவருக்கு மூச்சு. உலகத்தில் இந்த வாரம் எத்தனை ரிக் ஓடுகிறது என்பதைப் பிள்ளைகளின் மார்க் மாதிரி சொல்வார். எந்த நாட்டிலாவது பனி கொட்டினால் எரிவாயு விலை ஏறும் என்று செய்தியின் முன்னால் நிமிர்ந்து உட்காருவார்.

"எங்கயோ யாரோ குளிர்ல நடுங்கினா இவருக்குக் குஷி" என்பாள் அண்ணி.

அவள் வேலை பார்த்த எரிவாயுக் கிணறு ஒரு சின்ன நிறுவனத்துடையது. அதில் அண்ணனுக்கு ஏற்கெனவே இருநூறு பங்கு உண்டு. ஓய்வுப் பணம் முழுவதையும் தரகரிடம் தயாராகப் போட்டு வைத்திருந்தார். கிணறு தேறும் என்று தோன்றினால் மொத்தத்தையும் அதில் இறக்குவது, இல்லையென்றால் திருப்பி வாங்கி வங்கியில் போட்டுவிடுவது. தோன்ற வேண்டியது யாரைப் பார்த்து என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

மண்ணக்காவோ கையெழுத்துப் போட்டவள். நிறுவனம் ஊருக்கு அறிவிக்கும்வரை கிணற்றைப் பற்றி வீட்டில்கூட ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசியது தெரிந்தால் வேலை போய்விடும். வேறு எந்த ரிக்கிலும் சேர்க்கமாட்டார்கள்.

அந்த முறை, கிளம்புவதற்கு முந்தைய நாள், களி முடிந்து மணற்கல் வந்தது. வெளுத்த, பொடிப்பொடியாய் உதிரும் மணற்கல். வாயு அளக்கும் கருவியின் கோடு, படுத்திருந்த மனிதன் எழுந்து உட்கார்வதுபோல் நிமிர்ந்தது; அப்படியே நின்றது. மண்ணக்கா மூன்று முறை கருவியைச் சரிபார்த்தாள். பதினேழு வருஷத்தில் அவள் எழுதிய கிணறுகளில் பாதிக்குமேல் வாயு இல்லாத வெறுங்கிணறு. இது அப்படியில்லை. சந்தோஷத்தில் அடுத்த சிட்டிகையை அவசரமாகக் கடித்தாள். உள்ளே ஒரு சிக்கிமுக்கிக் கல் துணுக்கு இருந்தது. முன்பல்லில் கால்வாசி போயிற்று.

மறுநாள் கன்னம் பன்னுபோல வீங்க, பேருந்தில் வந்து இறங்கினாள். வலியிலும் ஒரு நிம்மதி. வீங்கின முகத்தை யாரால் படிக்க முடியும்?

பல் மருத்துவரிடம் போய்ப் பஞ்சு வைத்துக்கொண்டு வந்து, மேசையில் ஆறின பாலோடு உட்கார்ந்தபோது அண்ணன் இறங்கி வந்தார். கையில் ஒரு படிவம்.

"என்னம்மா, பிரயாணமெல்லாம் சௌகரியமா?"

"ம்."

தரையை விரலால் காட்டினார். "கீழ எல்லாரும் நலமா?"

"மச்சான், அவ வாயில பஞ்சு இருக்கு" என்றார் கணவர். "வாயைத் தொறந்தா டாக்டர் இன்னொரு பில்லு நீட்டுவாரு."

"நான் என்ன மாப்ளே கேட்டுட்டேன்? குசலம் விசாரிக்கறது குத்தமா?"

"குசலம் விசாரிக்கிற ஆளு கையில எதுக்கு படிவம்?" என்றாள் பின்னாலேயே வந்த அண்ணி.

அவர் சிரிக்கவில்லை. படிவத்தை மேசையில் பிரித்து வைத்தார். பங்கு வாங்கச் சொல்லும் படிவம்; கையெழுத்துப் போட்டாகிவிட்டது, தேதி மட்டும் பாக்கி.

"நாளைக்குள்ள சொல்லணும்னு தரகர் நிக்கிறாரு. போட்டா மொத்தமா போடறது. இல்லேன்னா விட்டுடறது. முப்பத்தாறு வருஷத்துக் காசு. என்ன பண்ணலாம்னு யோசிக்கிறேன்."

கேள்வி யாரிடமும் கேட்கப்படவில்லை. அதனாலேயே அது அவள் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. தலையை ஓர் அங்குலம் அசைத்தால் போதும். அவளுடைய கல்லூரிக் கட்டணத்துக்காகத் தன் சைக்கிளை விற்றுவிட்டு இரண்டு வருஷம் நடந்தே வேலைக்குப் போனவர் எதிரில் இருக்கிறார். அண்ணிக்கு முட்டி வலி. படி ஏறத் தேவையில்லாமல் கீழ்த்தளத்திலேயே ஒரு சின்ன வீடு வாங்க வேண்டும் என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். மண்ணக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பால் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் அவளையே பார்த்தார். பிறகு படிவத்தை நான்காய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சரி. வேணாம். வங்கியிலயே போட்டுடறேன்."

அவள் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவின தம்ளரையே திரும்பக் கழுவினாள். என் வீங்கின மூஞ்சியைப் பார்த்து வெறுங்கிணறு என்று நினைத்துவிட்டார். நான் வாய் திறக்காமல் அவர் கையைக் கட்டிவிட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அன்றிரவு கணவர் "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டதற்குத் தலையாட்டினாள். பல் அப்போது வலிக்கவேயில்லை.

வாயு வந்ததிலிருந்து பதினோராம் நாள் நிறுவனம் அறிவித்தது. பங்கு விலை மறுநாளே ஒன்றரை மடங்கு. மண்ணக்கா மாடிப்படி ஏறிப் போனாள். அண்ணன் செய்தித்தாளில் அந்தப் பத்தியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. உன் கிணறு பேப்பர்ல வந்திருக்கு. உன் பேரைத்தான் காணோம்."

"அண்ணா, அன்னிக்கு நான்..."

"பல்லு எப்படி இருக்கு?"

"கட்டியாச்சு."

"அப்போ இந்தக் கம்பி மாதிரி முறுக்கைத் தின்னு. உங்க அண்ணி சுட்டது. கல்லைக் கடிச்சவளாலதான் முடியும்."

"ஆமா, நேத்து ஆறு தின்னவருக்குப் பல்லே இல்ல பாரு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இருநூறு பங்கில் பாதியை விற்று மாடிப்படிக்கு ஓரமாக உறுதியான கைப்பிடி போட்டார்கள். அண்ணி அதைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, "காத்தை வித்துக் கம்பி வாங்கியிருக்காரு" என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னாள். அண்ணன் பழையபடி ரிக் கணக்குப் பார்த்தார், பனிக்காகக் காத்திருந்தார். மனக்குறை இருந்த மாதிரி தெரியவில்லை. மண்ணக்காவுக்குத்தான் கொஞ்ச காலம் அவரை நேராகப் பார்க்க முடியவில்லை. பிறகு அதுவும் பழகியது. அடுத்த கிணறு வந்தது, அது வெறுங்கிணறு, அதற்கு அடுத்தது வந்தது.

இரண்டு வருஷம் கழித்து, கண்ணாடி மாற்ற வந்த பங்குத் தரகர், எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டே கணவரிடம் பேச்சுவாக்கில் சொன்னார். படிவத்தை மடித்து வைத்த அன்று மாலையே அண்ணன் நேரில் வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டாராம். நல்ல நேரத்தில் விடுகிறீர்களே, ஏன் என்று தரகர் கேட்டதற்கு அண்ணன் சொன்ன பதில்:

"எந் தங்கச்சி ரொம்ப சந்தோஷமா வீட்டுக்கு வந்திருக்கா. இப்பப் போய் வாங்கினா அவதான் சொல்லிக் குடுத்தான்னு அவளைக் கை காட்டுவாங்க."