பொழுது சாய்ந்தபின் போட்ட இலை

போன வருடம் மாசி மாதம், ஆரணியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. எங்கள் ஊர்ப் பட்டு வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஒரு கூடைப்பந்து அணி வைத்திருக்கிறார்கள். என் கணவர்தான் அதற்கு மேனேஜர். சம்பளத்துக்கு நாடு நாடாகப் போய் ஆடுகிற வீரர் ஒருவரை அந்த சீசனுக்காக செனகலிலிருந்து வரவழைத்து, எங்கள் மாடி போர்ஷனில் தங்கவைத்தார்கள். தலை இடிக்காமல் நிலைப்படியைத் தாண்ட அவருக்குச் சில நாள் பயிற்சி தேவைப்பட்டது.

முந்தைய சீசனுக்கு வந்த வெளிநாட்டுக்காரர் ஒரே வாரத்தில் மூட்டை கட்டிவிட்டார். சாப்பாடு பிடிக்கவில்லை, பேச ஆளில்லை என்று காரணம் சொன்னார்கள். அதனால் இவரை எப்படியாவது ஆரணிக்காரராக மாற்றிவிடுவது என்று என் கணவர் கங்கணம் கட்டிக்கொண்டார். வேட்டி வாங்கிக் கொடுத்தார். அது முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. ஆப்பிரிக்கர் என்றால் கிறிஸ்தவர்தான் என்று தானாகவே முடிவு செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் கூட்டிப்போனார். அந்த மனிதரும் கடைசி பெஞ்சில் முட்டி இடிக்க இடிக்க, பூசை முடியும்வரை பொறுமையாக உட்கார்ந்துவிட்டு வந்தார். அவர் மொழி பிரெஞ்சு. ஆங்கிலம் எனக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அவருக்கும். எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல். உள்ளுக்குள் என்ன நினைக்கிறார் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலை, ஊருக்குப் போகிறேன், டிக்கெட் போடுங்கள் என்று சொல்லிவிட்டார். வேலூரில் முக்கியமான ஆட்டங்கள் பாக்கி. என் கணவருக்கு முகமே செத்துப்போய்விட்டது. அதுவரை ஓட்டல் சாப்பாடுதான் கொடுத்துக்கொண்டிருந்தோம். கடைசி முயற்சியாக, இன்று நம் வீட்டில் விருந்து போட்டுப் பார்ப்போம் என்றார்.

எங்கள் வீட்டு விருந்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாங்கள் பெரணமல்லூர் பக்கத்திலிருந்து வந்த தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டோம். விளக்கைத் தேடி வரும் பூச்சி எதுவும் நம் சாப்பாட்டில் விழுந்து சாகக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். நானும் என் கணவரும் வெளியூர் போனால் அப்படி இப்படித்தான். ஆனால் என் மாமியார் இருக்கிற வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

எனவே சாயங்காலம் வெயில் இருக்கும்போதே இலை போட்டாயிற்று. சாதம், சாம்பார், கீரைக் கூட்டு, அப்பளம், பாயசம். அவர் வந்து உட்கார்ந்தார், சிரித்தார், கையை மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். கையால் சாப்பிட வராதோ என்று நான் ஸ்பூன் கொண்டுவந்தேன். காரமாக இருக்குமோ என்று என் கணவர் தயிரை ஊற்றினார். என் மாமியாருக்கு வேறு கவலை. நிமிடத்துக்கு ஒருதரம் ஜன்னலைப் பார்த்தார். ஆச்சரியம் என்னவென்றால் வந்தவரும் ஜன்னலையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளிச்சம் போய்விட்டது. பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. அவர் சட்டென்று தண்ணீர் டம்ளரை எடுத்தார். அதே நேரத்தில் என் மாமியார், "இருட்டிடுச்சிப்பா, இனிமே ஆகாது" என்று இலையைத் தூக்கிவிட்டார்.

அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. டம்ளர் பாதியில் நின்றது. பாங்கு வந்த திசையைக் கையால் காட்டி, சின்னக் குரலில் "ரமதான்" என்றார். அன்றுதான் முதல் நோன்பு.

எங்களுக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. என் மாமியார் கையில் இலையோடு அப்படியே நின்றார். பிறகு என்னிடம் இன்னொரு இலை கொண்டுவரச் சொன்னார். "அம்மா, இருட்டிடுச்சே" என்று இழுத்தார் என் கணவர்.

"விரதம் நமக்குடா, அந்தப் புள்ளைக்கி இன்னா? எதையும் வதைக்கக் கூடாதுன்னுதான நாம ராத்திரில சாப்பிடறதில்ல? காலையிலேர்ந்து பச்சத்தண்ணி இல்லாம குந்திகினு இருக்கறவன் முன்னாடி இலைய எடுத்தா அது வதை இல்லாம வேற இன்னா?" என்று சிடுசிடுத்தார்.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து விளக்கு வைத்தபின் இலை விழுந்தது அன்றுதான். என் மாமியார் ஒரு விசிறியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ட்யூப் லைட்டுக்கு வந்த பூச்சிகளை இலையில் அண்டவிடாமல் விசிறிக்கொண்டே இருந்தார். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். நடுவில் நிறுத்தி, தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தெரிந்த ஆங்கிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவர் வீட்டில் இந்த நேரத்தில் எல்லோரும் ஒன்றாக உட்காருவார்களாம். எத்தனையோ நாடுகளில் ஆடியிருக்கிறார். ஆனால் நோன்பு திறப்பது எப்போதும் பூட்டிய அறையில் தனியாகத்தானாம். இந்த வருடமும் அப்படித் தனியாக இருக்க முடியாது என்றுதான் ஊருக்குப் போக நினைத்தாராம்.

டிக்கெட் பேச்சு அதோடு நின்றது. அந்த மாதம் முழுக்க என் மாமியார் வெளிச்சத்திலேயே அவருக்கும் சேர்த்துச் சமைத்து ஹாட்பாக்ஸில் எடுத்துவைத்தார். நாங்கள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, பாங்கு கேட்டதும் அவரைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். வேலூரில் எங்கள் அணி அரையிறுதியிலேயே தோற்றது. அது வேறு கதை. ரம்ஜான் முடிந்து அவர் கிளம்பிய அன்று, யாரும் கூப்பிடாமலே சாயங்கால வெயிலில் கீழே இறங்கி வந்து, எங்களோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். என் மாமியாருக்குப் பரிமாறக் கை ஓடவில்லை.

இப்போது வேறு ஏதோ ஒரு நாட்டில் ஆடுகிறார். அவரை எங்களைப் போல மாற்ற எவ்வளவோ செய்து பார்த்தோம். அவரை அவராகவே விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்த அந்த ஒரு சாயங்காலத்தில்தான் அவர் எங்கள் வீட்டுப் பிள்ளையானார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் நிறைந்துவிடுகிறது.