மாமா விட்டுப்போன கணினி

என் வீட்டு நடைவழியில், சப்பாத்துகள் அடுக்கும் தட்டுக்குப் பக்கத்தில், ஒரு பழைய கணினி சென்ற கோடை முழுவதும் படுக்கை விரிப்பால் மூடப்பட்டுக் கிடந்தது. கனத்த கண்ணாடித் திரை, மஞ்சளேறிய பெட்டி, எழுத்துகள் தேய்ந்த விசைப்பலகை. வருகிறவர்கள் அதில் காலை இடித்துக்கொண்டு, "இதை இன்னும் எறியேல்லையோ?" என்று கேட்பார்கள். நான் சிரித்து மழுப்புவேன். எறிய முடியாமலும் வைத்திருக்க முடியாமலும் நான் தவித்த தவிப்பு அவர்களுக்குத் தெரியாது. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டை உடைத்துத் திருடினார்கள் என்று கேள்விப்பட்ட நாளில், என் நகைகளை நினைக்கவில்லை. வேலையிலிருந்து பாதியில் ஓடிவந்து அந்த விரிப்பைத்தான் தூக்கிப் பார்த்தேன்.

அது மாமாவின் கணினி. என் அம்மாவின் அண்ணன். யாழ்ப்பாணத்தில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். லண்டன் வந்த பிறகு பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியது நோர்பரியில் அவர் வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டின் முன்னறைக்குள் நாங்கள் போகக் கூடாது. அன்றைக்கு அங்கே ஆட்கள் வருவார்கள். போர்க்காலத்தில் ஊரிலிருந்து தப்பி வந்து அகதி அந்தஸ்துக் கேட்டவர்கள், தங்களுக்கு நடந்ததை ஆங்கிலத்தில் வாக்குமூலமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் தமிழில் சொல்லச் சொல்ல மாமா ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வார். பிறகு அதை வரி வரியாகத் தமிழில் திருப்பிச் சொல்லி, "நான் எழுதினது நீங்கள் சொன்னதுதானோ?" என்று கேட்பார். அவர்கள் ஓம் என்று சொன்ன பிறகுதான் அச்சிடுவார்.

தேநீர் கொண்டுபோய் வைப்பது மட்டும் என் வேலை. கதவைத் திறக்கும்போதே பேச்சு நின்றுவிடும். ஒருமுறை நான் உள்ளே போனபோது ஒரு பெரிய மனிதர் சுவரைப் பார்த்தபடி குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். மாமா விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கோயிலில் இருப்பதுபோல அசையாமல் இருந்தார். ஆறுதல் சொல்லவில்லை. தோளைத் தொடவில்லை. நான் தட்டை வைத்துவிட்டுத் திரும்பும்போது, "அவசரமில்லை, ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றது மட்டும் கேட்டது. அடுப்படியில் மாமி ரேடியோவைச் சத்தமாக வைத்திருப்பார். ஏன் என்று எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை. முன்னறையில் நடப்பது வீட்டில் வேறு யாருடைய காதிலும் விழக் கூடாது என்று மாமாதான் அப்படிச் சொல்லிவைத்திருந்தார்.

காலம் மாறியது. வந்தவர்கள் கடை வைத்தார்கள், வீடு வாங்கினார்கள், பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வருவதில்லை. கணினி மேல்மாடி அறைக்குப் போனது. மாமா அதைத் திறக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. போன குளிர்காலத்தில் மருத்துவமனையில், மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே என்னிடம் சொன்னார்: "பிள்ளை, அந்தக் கொம்பியூட்டரை ஒருத்தரிட்டையும் குடுத்துப் போடாதை." சரி மாமா என்றேன். என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தோன்றவில்லை. அடுத்த வாரம் அவர் இல்லை.

மாமி மகளோடு போய் இருக்க முடிவு செய்தார், வீட்டை விற்றார்கள். கணினியை நான் லூயிஷாமில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதற்கு முன்பே கவலை தொடங்கிவிட்டது. மாமாவைத் தகனம் செய்த அன்று, கார் நிறுத்துமிடத்தில் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார். லூயிஷாமில் மீன்கடை வைத்திருக்கும் அண்ணை. எப்போதும் கலகலப்பாகக் கதைத்து, நிறுத்த மீனுக்கு மேலே ஒன்றைத் தூக்கிப் போடுகிறவர். அன்று அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

"தங்கச்சி, மாமாவின்ர கொம்பியூட்டர் இன்னும் இருக்குதோ?"

"ஓம் அண்ணை. என்னட்டத்தான் வருது."

"அதுக்குள்ள என்ர கதையும் கிடக்கு. அவங்கள் எனக்குச் செய்ததை நான் மனுசிக்கும் சொல்லேல்லை, பிள்ளையளுக்கும் சொல்லேல்லை. மாமாவுக்கு மட்டுந்தான் தெரியும். அவர் இருக்குமட்டும் எனக்குப் பயமில்லை. இனி?"

அந்த 'இனி' என்னைப் பிடித்துக்கொண்டது. வேலைக்குப் போகும் ரயிலிலும், சோறு வடிக்கும்போதும், அதுவே கூட வந்தது. பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு செய்யும் நம்முடைய பெண் ஒருத்தி தொலைபேசியில் பேசினாள். மிகவும் தன்மையானவள். "அன்ரி, இது எங்கட சரித்திரம், பத்திரமா வைப்பம், பெயருகளை மறைச்சுப் போடுவம்" என்றாள். அவள் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. இதெல்லாம் நடக்கவில்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிற உலகத்தில், நடந்தது என்று சொல்ல ஏதாவது வேண்டும் அல்லவா? என் மகளோ, "அம்மா, ஜஸ்ட் ரீசைக்கிள் இட்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். மாமியைக் கேட்டேன். "எனக்கு அதைப் பாத்தாலே நெஞ்சு படபடக்குது, என்னைக் கேளாதை" என்றார். ஒரு நாள் மேல் வீட்டுக் குழாய் உடைந்து எங்கள் கூரையில் ஈரம் படர்ந்தது. கணினியை மூட நான் பிளாஸ்டிக் தாளைத் தேடி ஓடியதைப் பார்த்து மகள் முதல்முறையாகப் பயந்தாள். "அம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள்.

அப்படி இருக்கையில் ஆர்ச்வேயிலிருந்து ஓர் அக்கா அழைத்தார். முருகன் கோயிலில் மாமியைச் சந்தித்து என் இலக்கத்தை வாங்கியிருந்தார். மறுநாளே வந்துவிட்டார். அறுபதைத் தாண்டியவர், ஒற்றையாக வாழ்கிறவர். விரிப்பை நீக்கியதும் அந்தத் திரையை முகத்தைத் தடவுவதுபோலத் தடவினார்.

"தம்பியைப் பிடிச்சுக் கொண்டு போன அண்டைக்கு நடந்ததை ஒண்டும் விடாமல் உங்கட மாமாவுக்குச் சொன்னனான். அப்ப எல்லாம் கண்ணுக்கு முன்னால நிண்டது. இப்ப அவன்ர முகமே கலங்கிக் கொண்டு வருது. என்னட்ட இருந்த பிரதி வீடு மாறேக்க துலைஞ்சு போச்சு. வக்கீல் கந்தோரையும் எப்பவோ மூடிட்டினம். என்ர ஒண்டை மட்டும் எடுத்துத் தாரும் பிள்ளை."

மாமா யாரிடமும் கொடுக்காதே என்றுதான் சொன்னார். ஆனால் சொன்னவருக்கே அவர் சொன்னதைக் கொடுப்பது எப்படிப் பிழையாகும்? கம்பிகளைப் பொருத்தி மின்சாரம் கொடுத்தோம். உள்ளே விசிறி கரகரவென்று சுற்றியது. திரை ஒரு கணம் சாம்பல் நிறமானது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு கருகிய மணம் வந்தது, எல்லாம் அடங்கிப் போனது. மீண்டும் மீண்டும் அழுத்திப் பார்த்தும் அசைவில்லை.

பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு, கடைத்தெருவில் கணினி திருத்தும் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர் மூடியைக் கழற்றி, உள்ளங்கையில் அடங்கும் ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்தார். பெட்டி செத்துவிட்டது, இது அநேகமாக உயிரோடு இருக்கும், சில நாள் விட்டுவிட்டுப் போனால் உள்ளே இருப்பதை எல்லாம் வேறொன்றில் ஏற்றித் தருகிறேன் என்றார். சரியாக ஏறியிருக்கிறதா என்று திறந்து பார்க்கவும் வேண்டுமாம். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நான் அக்காவுக்கு விளக்கினேன்.

"எல்லாத்தையும் திறந்து பாப்பாரோ?"

"ஓம் அக்கா. அவரிட்டைக் குடுக்க விருப்பமில்லையெண்டா, மகளிட்டைச் சொல்லி வீட்டிலயே செய்யலாம். ஆனா எது உங்கடை எண்டு தெரியாது. ஒவ்வொண்டாத் திறந்துதான் தேட வேணும்."

"ஆர் தேடுறது? நீரோ?"

"நான் தேடுறன்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "பாத்தாப் பிறகு, கோயிலிலை அவையின்ர முகத்தைப் பாக்க ஏலுமோ உமக்கு?"

மீன்கடை அண்ணையின் முகம் என் முன்னே வந்து நின்றது. கடைக்காரர் டிஸ்க்கை வைத்திருந்த கையை எங்களை நோக்கி நீட்டியபடி காத்திருந்தார். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அக்கா அந்தச் சின்னப் பெட்டியை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"என்ர தம்பிக்காக மற்றவையின்ர பிள்ளையளின்ர கதையளை எல்லாம் திறக்க ஏலாது. வாரும், போவம்."

காருக்குள் ஏறியதும் அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "வைச்சிருந்தா எண்டைக்காவது ஆரும் திறப்பினம். இதை ஒழுங்கா அழிக்க வேணும். தெரிஞ்ச ஆர் இருக்கினம்?" என்று கேட்டார். எனக்கு ஒருவரைத்தான் தெரியும்.

மீன்கடைக்குப் பின்னால் ஒரு சிறிய முற்றம். அண்ணை கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு, துளை போடும் இயந்திரத்தோடு வந்தார். யார் இந்த அக்கா என்று கேட்கவில்லை. எதற்காக வந்தோம் என்பது டிஸ்க்கைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அதை மரக்கட்டையில் வைத்து இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். இப்போதும் நிறுத்தலாம் என்று எனக்குள் ஒரு குரல் கத்தியது. அந்த ஆய்வுப் பெண்ணின் குரல்போலவும் இருந்தது, மாமாவின் குரல்போலவும் இருந்தது. நான் தலையசைத்தேன். இரும்பை இரும்பு குடையும் சத்தம் முற்றத்தை நிறைத்தது. ஒன்று போதும் என்றேன். அவர் நிறுத்தவில்லை. துளைக்கு மேல் துளை போட்டார். வேர்த்து ஊற்றியது. முடிந்ததும் குழாயடியில் போய் வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே போய் ஒரு பொதியோடு வந்தார்.

"அக்கா, நல்ல பாரை வந்திருக்கு. கொண்டுபோய்க் குழம்பு வையுங்கோ."

அக்கா இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

வெற்றுப் பெட்டியையும் திரையையும் கவுன்சிலின் மறுசுழற்சி நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். பழைய தொலைக்காட்சிகளுக்கும் சலவை இயந்திரங்களுக்கும் நடுவே அது யாருடையது என்று சொல்ல முடியாதபடி நின்றது. நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. ஆய்வுப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "சரி அன்ரி" என்றாள். அந்தச் 'சரி' இன்னும் உறுத்துகிறது. எத்தனையோ பேர் தங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்ன சொற்கள். மாமா திருப்பிச் சொல்லி, ஓம் என்று கேட்டு எழுதியவை. அவர்களில் எல்லோரும் அழிக்கத்தான் விரும்பியிருப்பார்களா? எனக்குத் தெரியாது. இனித் தெரிந்துகொள்ளவும் முடியாது. நடைவழியில் அது இருந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவ்விடத்தில் இப்போதும் ஒதுங்கித்தான் நடக்கிறேன்.

ஆர்ச்வே அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் அழைப்பார். மழையைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றிக் கதைப்போம். போன வாரம் கதையின் நடுவில் திடீரென்று தம்பியைப் பற்றித் தொடங்கினார்.

"பிள்ளை, அண்டைக்கு அவன் போட்டிருந்தது நீலச் சேர்ட். கை மடிச்சு விட்டிருந்தவன். காலமை தேத்தண்ணி ஆத்தேக்க ஞாபகம் வந்தது."

நான் அவசரமாகப் பேனாவைத் தேடினேன். "எழுதி வைக்கட்டோ அக்கா?"

"வேண்டாம்" என்றார். "நீர் கேட்டாப் போதும்."