பெல்மிரா தராத வெண்மரம்

சாவ் ஜோர்ஜ் தீவின் வடசரிவில், மேகம் இறங்கித் தங்கும் மேய்ச்சல் நிலம் பெல்மிராவுடையது. அவள் தந்தை காடழித்து உண்டாக்கியது. கணவர் இறந்தபின் ஒன்பது பசுக்களோடு அவள் தனியே நடத்திவந்தது. மேல்வேலியோரம் ஒரு வெண்மரம் நின்றது. அதன் அடிமரத்தை அணைக்க இருவர் கைகோக்க வேண்டும். ஆண்டு முழுதும் பச்சையாய் நிற்கும் அந்த இனம் அத்தீவு அடங்கிய தீவுக்கூட்டத்தைத் தவிர வேறெங்கும் தானாய் முளைப்பதில்லை. அந்தச் சரிவில் காய்ப்பதற்கு எஞ்சியது அது ஒன்றுதான்.

1986 ஜூனில், மறு ஆண்டின் தூய ஆவியார் திருவிழாவுக்குக் குலுக்கலில் பொறுப்பாளரானவன் அவள் கொழுந்தன் ஜெர்வாசியு. வீடுதோறும் ரொட்டியும் இறைச்சியும் கொண்டுசெல்லும் மாட்டுவண்டிக்கு வெண்மரத்தில் புது அச்சு வேண்டும் என்றான். மரம் காய ஓராண்டு ஆகும் என்பதால் உடனே வெட்ட வேண்டும். ஆவியாரின் பெயரால் கேட்பதை அங்கே எவரும் மறுப்பதில்லை. பெல்மிரா மறுத்தாள்.

மறுநாள் காலை அவன் இரண்டு ஆட்களோடும் இயந்திர ரம்பத்தோடும் ஏறிவந்தபோது, ஒன்பது பசுக்களும் மரத்தடியில் நின்றன. பெல்மிரா வாளியோடு உட்கார்ந்து கையால் கறந்துகொண்டிருந்தாள். கறக்கும் இடத்தருகே அப்படியொரு ரம்பத்தை முடுக்க அந்தத் தீவில் எவனும் துணியமாட்டான். மிரண்ட பசு பாலை அடக்கிக்கொள்ளும்.

“கறந்து முடிங்க அண்ணி. காத்திருக்கோம்.”

“காத்திரு. இன்னும் எட்டு இருக்கு.”

“கறவை மெஷின் எங்க?”

“கெட்டுப்போச்சு.”

“நேத்து ஓடுச்சே!”

“நேத்து நீ வரலையே.”

ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். ஜெர்வாசியுவுக்கு முகம் சிவந்தது.

“கேக்குறது நான் இல்ல, ஆவியார்.”

“எங்கப்பா அவரு பேரச் சொல்லிப் பதினொண்ணு வெட்டுனாரு. இதுவும் வேணும்னா அவரே வந்து கேக்கட்டும்.”

“அடுத்த வருஷம் உங்க வீட்டுக்கு ரொட்டி வராது, சொல்லிட்டேன்.”

“எனக்கு மாவு பிசையத் தெரியும்டா.”

ஒவ்வொரு காம்பையும் அவள் அவசரமின்றிக் கறந்தாள். வெயில் ஏறியது; தங்கள் மாடுகளைக் கவனிக்க வேண்டிய ஆட்கள் இறங்கிப் போனார்கள். அடுத்த இரு காலைகளும் அப்படியே கழிந்தன. நான்காம் நாள் ஜெர்வாசியு அச்சுக்காகக் கீழூரில் அகேசியாக் கட்டைக்குச் சொல்லிவிட்டான்.

மறு ஆண்டு வண்டி அவள் வாசலில் நிற்காமல் போனது. திருவிழா உடையில் வாசலில் நின்ற பெல்மிரா, அது வளைவில் மறையும்வரை தலைகுனியவில்லை. பிறகு பழைய பாவாடைக்கு மாறி மேலேறினாள். மாடுகள் மிதித்ததால் மரத்தடியில் அதன் விதையில் முளைத்த ஒரு மரக்கன்றுகூடப் பிழைத்திருக்கவில்லை. அன்று பிற்பகலே சுற்றிலும் கல்வேலி எழுப்பத் தொடங்கினாள். இனி அங்கே அவளுடைய பசுக்களுக்கும் அனுமதியில்லை.