சேட்டு கடையின் பத்துப் பலகைகள்

இன்று கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் இடஒதுக்கீட்டு ஊர்வலம். எல்லாரும் ஷட்டரை இழுத்துவிட்டார்கள். பழைய கட்டடத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ராஜஸ்தான் சேட்டுக்கு ஷட்டர் கிடையாது. பத்து மரப்பலகைகளை வரிசையாகச் சொருக வேண்டும்.

"சீக்கிரம் மூடுங்க சேட்டு!" என்று கத்திய ஊர்வலக்காரர்களே பொறுமையிழந்து உதவிக்கு வந்தார்கள். வெள்ளிமலை பஸ் வராமல் அங்கே ஒதுங்கியிருந்த நானும் ஒரு பலகையைத் தூக்கினேன். எதுவும் பொருந்தவில்லை.

"இன்னாங்க, ஏழாம் பலகைய ஒன்பதுல சொருவிக்கினு இருக்கீங்க? நம்பர் போட்டிருக்குல்ல?" என்றார் சேட்டு.

பார்த்தோம். எல்லாம் பழைய தமிழ் எண்கள். எங்களில் ஒருவருக்கும் படிக்கத் தெரியவில்லை. அவர் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல, நாங்கள் சொருகினோம்.

முடிந்ததும் என்னைக் கேட்டார்: "சார் இன்னா வேல பாக்கறீங்க?"

தமிழ் வாத்தியாராகிய நான், "மரவள்ளி போட்டிருக்கேங்க" என்றேன்.

அங்கே துணி எடுக்கப் போகும் என் மாணவர்கள் தயவுசெய்து காட்டிக்கொடுக்க வேண்டாம்.