ஒரே நாளில் ஏழு கோயில்

செவிலிமேட்டு ஆனந்தராஜுக்கு எந்த ஊர் பஸ் எத்தனை மணிக்கு என்பது மனப்பாடம். பேருந்துப் பணிமனையில் இருபத்தாறு வருஷமாக டைம் கீப்பர். வண்டி வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதி வைப்பதுதான் வேலை. டிரைவர்கள் வந்து கெஞ்சினாலும் ஒரு நிமிஷம் குறைத்து எழுதமாட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வருஷா வருஷம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்கள் பதினெட்டு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு கோயில் சுற்றுலா கிளம்புவார். காலை ஐந்தரைக்குப் பாலாற்றைத் தாண்டினால், திருவண்ணாமலை, மேல்மலையனூர் என்று ஒரே நாளில் ஏழு கோயில் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். ஒரு வாரம் முன்பே வாட்ஸப்பில் திட்டம் வந்துவிடும். எந்த இடத்தில் எத்தனை நிமிஷம், சாப்பாடு எங்கே, செருப்பை வேனிலேயே விட வேண்டுமா என்பது வரைக்கும் அதில் இருக்கும். சின்ன காஞ்சிபுரத்திலிருந்துகூட ஆட்கள் போன் செய்து திருப்பதிக்கு எப்படிப் போவது, ராமேஸ்வரத்துக்கு எத்தனை நாள் வேண்டும் என்று அவரிடம் யோசனை கேட்பார்கள்.

ஏழாவது வருஷம் அது நடந்தது.

செஞ்சியைத் தாண்டி வேன் போய்க்கொண்டிருந்தது. மதியம் இரண்டு மணி இருக்கும். திட்டத்தைவிட இருபது நிமிஷம் தாமதம். ஆனந்தராஜ் டிரைவர் சத்யராஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த கோயிலில் எதைக் குறைக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது கங்கையம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவள். அவர் வீட்டுக்கு நாலாவது வீடு. யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவள்.

குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“தம்பி, எங்கனா ஓரமா கொஞ்சம் நிறுத்தச் சொல்லேன்.”

“இன்னாக்கா, இன்னும் நாப்பது நிமிஷந்தான். கோயில்ல போய்க்கலாம்.”

“முடியல தம்பி.”

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். அவர்தான் பின்னால் திரும்பி எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

“ஒருத்தருக்கு நிறுத்துனா எல்லாருக்கும் நிறுத்தணும். சாப்பிட்ட எடத்துலயே முடிச்சிக்கினு வாங்கன்னு மெசேஜ்லயே போட்டிருந்தேனே, யாருமே படிக்கிறதில்லயா?”

பின் சீட்டில் இரண்டு ஆண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கங்கையம்மாள் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு புளியமரத்தடியில் வேன் நின்றிருந்தது. சத்யராஜும் அவரும் இன்னும் நாலு ஆண்களும் இறங்கி வேலி ஓரமாகப் போய்விட்டு வந்திருந்தார்கள். அதை அவர் ஒரு நிறுத்தமாகவே நினைக்கவில்லை. திட்டத்திலும் எழுதவில்லை.

கோயில் வந்ததும் எல்லோரும் அவசரமாக இறங்கினார்கள். எண்ணிப் பார்த்தார்; ஒரு ஆள் குறைந்தது. மறுபடி வேனில் ஏறினார்.

“அக்கா, எறங்குங்க. நேரமாவுது.”

“நீ போ தம்பி. நான் வரல.”

“இவ்ளோ தூரம் வந்துட்டு வரலன்னா எப்படி? எழுந்திருங்க, எழுந்திருங்க.”

கங்கையம்மாள் எழவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மேல் பையை வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். அவர் இன்னும் ஓரடி முன்னால் வைத்தபோது செருப்பில்லாத காலில் ஈரம் பட்டது. குனிந்து பார்த்தார்.

“சரிக்கா, சரிக்கா” என்று இரண்டு முறை சொன்னார். அப்புறம் இறங்கி, கோயில் வாசலில் நின்ற தன் மனைவி ரேவதியிடம் ஓடினார்.

ரேவதி அவர் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டாள். இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வேனுக்குப் போய்த் திரைகளை இழுத்துவிட்டாள். தன் பையில் இருந்த மாற்றுப் புடவையைக் கட்டிவிட்டு, கங்கையம்மாளை நடுவில் வைத்து வெளியே அழைத்து வந்தார்கள். அந்த நாலு பேரும் தன்னைத் தாண்டிப் போகும்போது ஆனந்தராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

சத்யராஜ் பக்கெட்டை எடுத்தான். அவர் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

“நான் கழுவுறேன்பா. நீ போய் டீ குடி.”

குழாயிலிருந்து மூன்று பக்கெட் தண்ணீர் கொண்டுவந்து தரையையும் சீட்டையும் தேய்த்துக் கழுவினார். பின் சீட்டுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டார். தண்ணீர் கேன் கவிழ்ந்துவிட்டதாகச் சொன்னார். அந்த ஆள் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அவர் நம்பவில்லை என்பது ஆனந்தராஜுக்குத் தெரிந்தது. சற்று முன் வேன் முழுக்கக் கேட்கும்படி பேசியது ஆனந்தராஜ்தானே.

மீதி இரண்டு கோயிலுக்குப் போகாமல் நேராக வீடு திரும்பினார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை காபி கொடுக்கும்போது ரேவதி சொன்னாள்.

“அந்தக்கா நேத்து மாத்திரை போட ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சிட்டாங்களாம். அதான். மத்தபடி நாங்க யாரும் குடிக்கிறதில்ல.”

“குடிக்கிறதில்லன்னா?”

“மொத நாள் சாயங்காலத்துலருந்தே. மொத வருஷமே பேசி வச்சிக்கினோம். உன் வேன் நிக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும்.”

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

ரேவதி அவரை நேராகப் பார்த்தாள். “இத எப்படிச் சொல்றது உன்கிட்ட? நேத்து ஒருத்தங்க சொன்னாங்களே, நீ இன்னா பண்ண?”

ஒவ்வொரு வருஷமும் சுற்றுலா முடிந்து இரண்டு நாள் ரேவதி காய்ச்சலில் படுப்பாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார். நீர்க்கடுப்பு என்று அப்போதுதான் சொன்னாள். ஏழு வருஷம் பக்கத்தில் படுத்திருந்தும் தெரியவில்லை. காபி ஆறிப்போயும் அவர் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மன்னிப்புக் கேட்கக் கங்கையம்மாள் வீட்டுக்குப் போனார். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே அவள் பேசினாள்.

“அக்கா, அன்னிக்கி நான்…”

“அதப் பேசாத தம்பி.”

“இல்லக்கா, என் மேலதான் தப்பு…”

“உன்ன கும்பிட்டுக் கேக்குறேன். பேசாத. யாரும் பேசாம இருந்தாதான் எனக்கு மறக்கும்.”

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. தன் மனசு ஆறவேண்டும் என்று அவளை இன்னொரு தரம் அந்த வேனில் உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறார். அதன் பிறகு பணிமனைக்குப் போக அவள் வீட்டு வழியை விட்டு, சுற்றுவழியாகப் போனார்.

அடுத்த ஆடி நெருங்கியபோது தெருவில் கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் முடியாது என்றார். ரேவதிதான் விடவில்லை.

“உட்டுட்டா சரியாப்பூடுமா? ஒழுங்கா போடு இந்த தபா.”

ஒரு விடுமுறை நாளில் இருவரும் ஸ்கூட்டரில் அதே பாதையில் போனார்கள். ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் ஓட்டலிலும் ரேவதி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவாள். “தாழ்ப்பா இல்ல” என்பாள். “தண்ணி வருது, லைட் இல்ல” என்பாள். “இங்க நிக்கலாம்” என்று அவள் சொன்ன இடங்களை மட்டும் அவர் குறித்துக்கொண்டார். மொத்தம் நாலு. அந்த நாலையும் வைத்துப் பார்த்தபோது ஒரு நாளில் மூன்று கோயிலுக்குத்தான் நேரம் இருந்தது. முதலில் நிறுத்தங்களை எழுதி, மிச்ச இடத்தில் கோயில்களை எழுதினார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரத்தை வெறுமனே விட்டார். யாருக்கு முட்டி வலி, யாருக்குச் சர்க்கரை, யார் எந்த வேளைக்கு மாத்திரை போடுகிறார்கள் என்று ரேவதி வீடு வீடாகப் போய்த் தனியாகக் கேட்டு வந்தாள். வாட்ஸப்பில் அவர் போட்டது ஒரே வரி: வேண்டிய மட்டும் தண்ணீர் குடியுங்கள், வண்டி நிற்கும்.

கங்கையம்மாள் வரவில்லை. மகளோடு பஸ்ஸில் போய்க்கொள்வதாக ரேவதியிடம் சொல்லி அனுப்பிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பி ஒன்றரை மணி நேரம் கழித்து, குறித்து வைத்த முதல் பெட்ரோல் பங்கில் சத்யராஜ் வேனை நிறுத்தினான். ஆனந்தராஜ் திரும்பிப் பார்த்து, “இங்க அரை மணி நேரம்” என்றார். ஒரு பெண்ணும் எழவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “பரவால்லப்பா, போலாம்” என்றாள் ஒருத்தி.

யாருமே தண்ணீர் குடித்துவிட்டு வரவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. அவர் போட்ட வரியை எல்லோரும் படித்திருந்தார்கள். ஆனால் எழுதியவரைத்தான் அவர்களுக்குத் தெரியுமே.

“வா சத்யராஜ்” என்று கூப்பிட்டு, ஆண்கள் எல்லோரையும் இறக்கிக்கொண்டு சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த டீக்கடைக்குப் போனார். வேனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். டீயைக் குடித்து முடித்தார். அப்புறம் வேன் கதவு சர்ரென்று திறந்தது. யாரோ இறங்கினார்கள். பின்னால் இன்னொருத்தி. ரேவதி பங்கை ஒட்டிய கடைக்காரரிடம் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஆறு கேட்பது கேட்டது.

ஆனந்தராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் எல்லோரும் ஏறி உட்கார்ந்து ரேவதி வந்து கூப்பிடும் வரை அங்கேயே இருந்தார்.