கோல் காப்பாளரின் இடது கண்

அவருடைய கைகள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. வலது கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளை வாசிக்கச் சொல்லியிருந்தேன். மற்றவர்கள் உள்ளங்கையை வைத்தால் கண் மட்டும் மறையும். அவர் வைத்தபோது நெற்றியிலிருந்து தாடைவரை பாதி முகமே காணாமல் போனது. எப்போதோ முறிந்த இரண்டு விரல்கள் கோணலாகவே பொருந்தியிருந்தன. வெளியே தெரிந்த இடது கண்ணால் கடைசி வரியின் பொடி எழுத்துகளைக்கூடத் தடுமாறாமல் வாசித்துவிட்டு, "பார்த்தீர்களா, கண்ணில் ஒரு குறையும் இல்லை. லென்ஸ்தான் பழசு. புதிதாக ஒரு சோடி தாருங்கள், நான் போகிறேன்" என்றார். எங்கள் பேச்சு முழுவதும் நோர்வேஜிய மொழியில்தான் நடந்தது. அந்த மொழியில் எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். தமிழில் எழுதும்போது எனக்கு அவரும், அவருக்கு நானும் 'நீங்கள்' ஆகிவிடுகிறோம்.

அது இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. படிப்பை முடித்து, ஓஸ்லோவுக்கு வெளியே லில்லெஸ்ட்ரோமில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதகராகச் சேர்ந்து எனக்கு ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அவர் வாசலில் தலையைக் குனிந்து உள்ளே வந்தபோதே யாரென்று தெரிந்துவிட்டது. ஓஸ்லோவின் இரண்டாம் பிரிவு உதைபந்துக் கழகம் ஒன்றின் கோல் காப்பாளர், முப்பத்துமூன்று வயதுக் குரோஷியர். கழகத்துக்காரர் கண்ணில் படாமலிருக்க ரயிலேறி இவ்வளவு தூரம் வந்திருந்தார்.

அவரை எனக்குத் தெரிந்தது அப்பாவால். அப்பா யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு உதைபந்து ஆடியவர். தபால் பிரிக்கும் வேலைக்கு லீவு கேட்காத மனிதர், அந்தக் கழகத்தின் ஆட்டத்துக்கு மட்டும் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு போவார். அந்த இலையுதிர் காலத்தில் மூன்று ஞாயிறுகள் தொடர்ந்து, ஓஸ்லோவின் வெஸ்ட்லிப் பகுதியில் எங்கள் வீட்டுக் கதவைத் திறக்கும்போதே அப்பாவின் ஏச்சும் சேர்ந்து உள்ளே வந்தது.

"இவனுக்குக் கண் தெரியேல்லையோ? பந்து பக்கத்தாலை போகுது, இவன் மரம் மாதிரி நிண்டு பாக்கிறான்!"

"நீங்கள் அங்கை நிண்டு பாத்தால்தான் தெரியும்," என்பார் அம்மா.

அன்று அந்தக் காப்பாளருக்கு லென்ஸைக் கொடுத்து அனுப்பியிருப்பேன். ஆனால் விலைப்பட்டியலை அவருடைய இடது பக்கமாக நீட்டியபோது, என் கை மிக அருகில் வரும்வரை அவர் காணவில்லை. கண்டதும் திடுக்கிட்டார். பந்து எங்கேயாவது முகத்தில் பட்டதா என்று கேட்டேன். பட்டது, அதுவும் நாலைந்து வாரத்துக்கு முன்பு, பயிற்சியில். கண்ணுக்குள் மின்னல் மாதிரி வெளிச்சம் வருகிறதா? அது மைதானத்து விளக்கு என்றார். கறுப்புப் பூச்சி பறக்கிறதா? "பறக்கிறது. கோடையில் எல்லாருக்கும் பறக்கும்தானே." அப்போது ஒக்டோபர். வெளியே மரங்கள் முக்கால்வாசி உதிர்ந்துவிட்டிருந்தன.

கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டேன். அது வேலை செய்ய இருபது நிமிடம் வேண்டும். அந்த இருபது நிமிடத்தில்தான் அவருடைய கதையைக் கேட்டேன். கடலோர ஊர். தகப்பனார் கப்பல் கட்டும் துறையில் வேலை செய்தவர். பத்தொன்பது வயதில் ஊர்க் கழகத்தின் முதல் காப்பாளர். நாட்டில் போர் நடந்த காலம் அது. எந்த மைதானத்தில் ஆடலாம், எந்தப் பாதையால் போகலாம் என்பது வாரத்துக்கு வாரம் மாறுமாம். பிறகு தலைநகரத்தின் பெரிய கழகம் அழைத்தது. போய் இரண்டு வருடம் மாற்று ஆளாக மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒஸ்திரியா. பிறகு சைப்ரஸ், அங்கே கழகமே கலைந்துபோனது. முப்பது வயதில் நோர்வேயின் வடக்கில் ஒரு ஊர், அதன் பிறகு ஓஸ்லோ. மனைவியும் மகளும் ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருந்தார்கள். மகள் அந்த வருடம்தான் பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தாள்.

"கோல் போடுகிற வெளிநாட்டுக்காரன் பத்து ஆட்டத்தில் சும்மா நின்றாலும் பரவாயில்லை, பதினோராவதில் போட்டால் போதும்," என்றார். "வெளிநாட்டுக் காப்பாளன் அப்படி இல்லை. உள்ளூர்க்காரனைவிட ஒவ்வொரு நாளும் திறமாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் எதற்கு?" ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடிவதாகவும், ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்கள் என்றும் சொன்னார். அன்று வியாழக்கிழமை.

விளக்கை அணைத்து, அவருடைய கண்ணுக்குள் பார்த்தேன். விழித்திரையின் ஓரத்தில், லாடம் போன்ற வளைவாக ஒரு கிழிசல். ஒரு விளிம்பு மெல்ல எழும்பத் தொடங்கியிருந்தது. பாடப் புத்தகத்தில் பார்த்ததைத் தவிர, உயிருள்ள கண்ணில் அதை அதற்கு முன்பு நான் கண்டதில்லை. திரும்பவும் பார்த்தேன். மூன்றாம் முறையும் பார்த்தேன். கடைக்குப் பொறுப்பானவர் அன்று விடுமுறையில் இருந்தார்; கேட்க ஒருவரும் இல்லை.

சொன்னேன். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன்.

"திங்கட்கிழமை போகிறேன். ஞாயிறு ஆடிவிட்டு."

"ஞாயிற்றுக்கிழமை இன்னொரு பந்து முகத்தில் பட்டால் அந்தக் கண்ணையே இழக்க வேண்டி வரலாம்."

அவர் எழுந்து நின்றார். அந்தச் சின்ன அறையில் அவர் எழுந்ததும் எனக்கு இடமே இல்லாததுபோல் இருந்தது. "உங்களுக்கு என்ன வயது?"

"இருபத்தைந்து."

"எத்தனை பேருக்கு இதைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள்?"

பொய் சொல்லியிருக்கலாம். "நீங்கள்தான் முதல் ஆள்," என்றேன்.

அவர் உட்கார்ந்து தொலைபேசியை எடுத்தார். மருந்தினால் எண்கள் அவருக்குத் தெரியவில்லை. என்னிடம் நீட்டினார், மனைவியின் எண்ணை அவர் சொல்லச் சொல்ல நான்தான் அழுத்தினேன். சுவர்ப் பக்கம் திரும்பித் தன் மொழியில் பேசினார். மனைவி வருவதற்குள் நான் ஓஸ்லோ ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சொல்லி, ஒரு கடிதமும் எழுதி வைத்தேன். மனைவி வந்து, சின்னப் பிள்ளையைக் கூட்டிப்போவதுபோல் அவருடைய முழங்கையைப் பிடித்து ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். அவர் எனக்கு ஒரு நன்றியும் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. என் மனது முழுக்க ஒரே கேள்விதான்: நான் பார்த்தது பிழையாக இருந்தால்? இத்தனை நாடு அலைந்த ஒரு மனிதரின் கடைசி வாய்ப்பை, ஒரு வருடம்கூட ஆகாத அனுபவத்தை வைத்துக்கொண்டு நான் பறித்துவிட்டால்?

மறுநாள் காலை கடையைத் திறந்த கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து கண் மருத்துவர் அழைத்தார். கிழிசல்தான். நேற்றே லேசர் வைத்து அடைத்தாயிற்று. இரண்டு மூன்று நாள் போயிருந்தால் கதை வேறு. "நல்லாய்க் கண்டுபிடித்தீர்கள்," என்றார். தொலைபேசியை வைத்துவிட்டு, லென்ஸ் பெட்டிகள் அடுக்கியிருந்த அறைக்குள் போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். அவ்வளவு லேசாக என் உடம்பு அதற்கு முன்பு இருந்ததாக நினைவில்லை.

ஞாயிறு அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். "இண்டைக்கு அந்தக் குரோஷியன் நிக்கேல்லை. தப்பிச்சம்!" நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். வேலையில் அறிந்ததை வீட்டில் சொல்ல முடியாது. சில வாரங்களுக்குப் பிறகு அந்தக் காப்பாளரே பத்திரிகைக்குச் சொல்லியிருந்தார்: கண், கிழிசல், லில்லெஸ்ட்ரோமில் ஒரு தமிழ்ப் பெண். அப்பா இரண்டு தரம் வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீயோ?"

"ஓம் அப்பா."

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே பிள்ளை. நான் என்னெல்லாம் ஏசினனான்."

"சொல்லக்கூடாது அப்பா. அது அவரின்ரை விசயம்."

தலையை ஆட்டினார். அதன் பிறகு எந்தக் காப்பாளரையும் அவர் ஏசி நான் கேட்கவில்லை.

கழகம் குரோஷியரின் ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டியது. வசந்தத்தில் முதல் ஆட்டத்துக்கு அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். இரண்டாம் பாதியில் காப்பாளரின் இடது பக்கத்திலிருந்து தாழ்வாக ஒரு பந்து வந்தது. அவர் பாய்ந்து விரல் நுனியால் வெளியே தட்டினார். சனம் கத்தியது. அப்பா கத்தவில்லை, என் மேல்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு பார்த்தபோது அந்த இடம் சிவந்திருந்தது.

அந்த ஒரு வருடம் இரண்டானது. அதற்குப் பிறகு, தான் ஆடத் தொடங்கிய ஊர்க் கழகத்திலேயே ஒரு பருவம் ஆடி முடிக்கலாமென்று குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்டார். இப்போது அங்கே காப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார் என்று கேள்வி. எனக்கும் இன்று சொந்தமாக ஒரு பரிசோதனை அறை இருக்கிறது. கிழிசல்கள் எத்தனையோ கண்டுவிட்டேன். எதுவும் முதலாவதுபோல் இல்லை.

புறப்படும் முன்பு கடைசிப் பரிசோதனைக்கு வந்தார். கண் நன்றாக இருந்தது. எழும்பிப் போகாமல் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"அன்றைக்கு உங்கள்மேல் கோபமாக இருந்தேன்," என்றார். "ஆனால் ரயில் புறப்பட்டதும் அழுதேன். கண்ணுக்காக அழுகிறேன் என்று மனைவி நினைத்தாள். இல்லை. அதற்கு முந்தின வாரங்களில், பந்து வரும்போது நான் பிந்திப் பிந்திப் பாய்ந்தேன். எனக்குப் பயம் பிடித்துவிட்டது, நான் கோழையாகிவிட்டேன் என்று நினைத்தேன். அதை ஒருவருக்கும் சொல்லவில்லை, மனைவிக்கும் சொல்லவில்லை. நீங்கள் கிழிசல் என்றீர்கள்." சிரித்தார். "வெறும் கிழிசல். அந்தச் சந்தோசத்தில்தான் ஓஸ்லோ போய்ச் சேரும்வரை அழுதேன்."