நெமவாஷி முடிஞ்சுது அண்ணி

கினுயோ அக்காவைச் சாந்தமானவள் என்று எங்கள் அங்யோ ஊரில் யாரும் வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை. அவளுடைய நாற்றுத்தோட்டத்துக்கு அடுத்தது என்னுடையது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என் பூஞ்செடிகளைப் பார்த்து, "இதையும் ஜனங்க காசு குடுத்து வாங்குறாங்களாடா?" என்பாள். நான் அவளுடைய மேப்பிள் மரத்தைக் காட்டி, "நீ வித்தாதானே யாரு வாங்குறாங்கன்னு தெரியும்?" என்பேன்.

விற்கவே மாட்டாள். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் வாய்க்கால் ஓரத்தில் தானாக முளைத்த கன்று அது. எங்கள் ஊர் சமவெளி. இரவில் போதிய குளிர் விழுவதில்லை. இலையுதிர்காலத்தில் மேப்பிள் இலை சிவக்கத் தொடங்கும்போதே ஓரம் கருகிப் பழுப்பாகிவிடும். இந்த மரம் மட்டும் உச்சி முதல் அடிக்கிளை வரை சிவந்து நிற்கும். ஒட்டுக் கட்ட நாலு குச்சி கொடு என்று பத்து வருஷமாகக் கெஞ்சினேன். "இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும். போன தடவ வடக்குப் பக்கம் கொஞ்சம் ஏமாத்திடுச்சு" என்பாள். கஞ்சத்தனம் இல்லை, வீம்பு. குறையுள்ள மரத்தைப் புது ரகம் என்று பேர் வைத்து அவள் வெளியே விட மாட்டாள்.

நிலம் அவள் மாமனார் பேரிலேயே இருந்தது. கணவர் போன பிறகு, விற்றுவிடலாம் என்று கொழுந்தன் தெய்ஜி சொன்னார். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: தனக்காகக் கட்டப்போகும் புது வீட்டுக்கு மரமும் தன்னோடு வர வேண்டும். பெரிய மரத்தை அப்படியே பிடுங்கிக்கொண்டு போக முடியாது. ஒரு வருஷம் முன்பே அடிமரத்தைச் சுற்றித் தோண்டி, தடித்த வேர்களை வெட்டி, மண்ணை மூடிவிட வேண்டும். உள்ளே சல்லிவேர் பிடித்த பிறகுதான் தூக்கலாம். இதற்கு நெமவாஷி என்று பேர். வேரைச் சுற்றி வருவது.

அந்தப் பிப்ரவரியில் உறைபனியில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து என் எதிரிலேயே தெய்ஜிக்குப் போன் செய்தாள்.

"என்னால முடியல தெய்ஜி. நெமவாஷிய மட்டும் நல்லபடியா பண்ணிடு. அவசரப்படாத."

"கவலைய விடுங்க அண்ணி. முப்பது வருஷமா ஆபீஸ்ல அதத்தானே பண்றேன்."

ஏதோ கிண்டல் என்று நினைத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். மே மாதம் அவர் போன் செய்து, "நெமவாஷி முடிஞ்சுது அண்ணி" என்றார். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று பிறகு சொன்னாள். வேலிக்கு அந்தப் பக்கம் மண் தோண்டிய தடம் இருக்கிறதா என்று நான் ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. இன்றைக்கும் அது என்னை அரிக்கிறது.

அக்டோபர் நடுவில், நிறம் ஏறத் தொடங்கிய வாரத்தில், வீடு கட்டும் ஆட்களின் கிரேன் மரத்தைத் தூக்கிப்போய் நட்டது. அக்காள் வந்ததும் அசந்துபோகட்டும் என்று தெய்ஜி முன்கூட்டி எங்களிடம் மூச்சு விடவில்லை. குழியைப் பார்த்த நான், வேர் வெட்டி ஐந்து மாசம் ஆகிவிட்டதே, பிழைத்துக்கொள்ளும் என்று நம்பி அவளிடம் சொல்லாமல் விட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் தங்கியிருந்த தங்கை வீட்டிலிருந்து, டிசம்பரில் அவளைப் புது வீட்டுக்கு என் வண்டியில் கூட்டி வந்தேன். மூங்கில் முட்டுக்கு நடுவில் மரம் நேராக நின்றது, இலையெல்லாம் கருஞ்சிவப்பு. பக்கத்தில் அவளுக்குப் பிடித்த கஷ்கொட்டை இனிப்போடு தெய்ஜி.

அவள் கைத்தடியை ஊன்றிப் போய் ஓர் இலையை இழுத்தாள். அது வரவில்லை. பழுத்த இலையை மரமே விட்டுவிடும், தொட்டாலே விழும். அதற்கு முன்பே செத்துப்போன இலைதான் கிளையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். பலமாக இழுத்தாள். குச்சியும் சேர்ந்து ஒடிந்து வந்தது.

"வேர எந்த மாசம் வெட்டின?"

"வேரா?"

"நெமவாஷி பண்ணேன்னியே."

"பண்ணேனே. அப்பாவோட வாரிசுங்க பதினோரு பேரு அண்ணி. நகோயா வரைக்கும் போயி, ஒவ்வொருத்தர் வீட்லயும் உக்காந்து டீ குடிச்சு, நிலத்த விக்க ஒருத்தரும் முணுமுணுக்காம சம்மதம் வாங்கிருக்கேன். நீங்கதானே அவசரப்படாதன்னீங்க?"

ஆபீஸ்காரர்களுக்கு அந்தச் சொல்லுக்கு அது ஒன்றுதான் அர்த்தம்: கூட்டத்துக்கு முன்பே ஆளாளாகப் போய்ப் பேசிச் சரிக்கட்டுவது. எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அக்காள் வாய் திறந்தால் மனுஷன் தாங்க மாட்டார் என்றும் தெரிந்தது. அவள் ஒடிந்த குச்சியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல. இனிப்பக் குடு" என்றாள்.

அவர் போன பிறகு, நான் கேட்காமலேயே கத்தரியை நீட்டினாள். "எடுத்துக்கடா. எத்தன குச்சி வேணுமோ எடுத்துக்க." பத்துக் கிளைகளில் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். ஒன்றில்கூடப் பச்சை இல்லை. கத்தரியைத் துடைத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

புத்தாண்டுக்குத் தெய்ஜி வந்தார். நானும் இருந்தேன். ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "தெரு பூரா மரமெல்லாம் மொட்டையா நிக்குது. நம்முது மட்டும் ஒரு இலைய விடல பாத்தீங்களா அண்ணி" என்றார்.

அக்காள் அவர் கிண்ணத்தில் டீ ஊற்றினாள். "ஆமா, விடல" என்றாள். "நல்லாத்தான் நட்டிருக்க."